பழைய பீங்கான் தேநீர்க் கெண்டி சேகரிப்பது எப்படி: சீனக் கெண்டிக்கும் ஆங்கிலக் கெண்டிக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய தேநீர்க் கெண்டி ஒன்றைக் கையில் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் உடனே அதைக் கவிழ்த்து, அடியில் முத்திரை இருக்கிறதா என்று தேடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இங்கிலாந்தில் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில் நீலமும் வெள்ளையுமான சீனக் கெண்டி ஒன்றை வாங்கினேன். அடியில் இரட்டை வளையத்துக்குள் ஆறு சீன எழுத்துகள். காங்ஷி பேரரசர் காலத்துப் பொருள், முந்நூறு வருஷம் ஆகிறது என்று விற்றவர் சொன்னார். எழுத்துகளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன், ஒத்துப்போயின, பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து, வெகுகாலமாகக் கெண்டி சேர்க்கும் பெரியவர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் கவிழ்க்கவில்லை. மூடியை எடுத்துத் தனியே வைத்தார். உள்ளே விரலை விட்டுத் தடவினார். மூக்கின் நுனியை நகத்தால் வருடினார். "மூடி வேறு கெண்டியோடது. மூக்கு உடைஞ்சு, நுனியைத் தேய்ச்சு சமன் பண்ணியிருக்காங்க. கெண்டி பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசி" என்றார். அதற்கப்புறம்தான் முத்திரையைப் பார்த்தார். கெண்டியின் உடம்பு முதலில், முத்திரை கடைசியில் என்ற அந்த வரிசையை அன்றிலிருந்து நான் மாற்றியதே இல்லை. இந்த வழிகாட்டியும் அந்த வரிசைதான்.

படி 1: எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு காலம், ஒரு வகை என்று குறுக்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில்தான் தேநீர் இங்கிலாந்துக்கு வந்தது. லண்டனில் அரசு அதிகாரியாக இருந்த சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் தேநீர் குடித்ததாக எழுதிய நாள் 1660 செப்டம்பர் 25. தேயிலையோடு அதைப் போட்டுக் குடிக்கும் பாத்திரமும் சீனாவிலிருந்தே வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் பீங்கான் பெட்டிகள் அடித்தட்டில் இருக்கும், தேயிலைப் பெட்டிகள் மேலே இருக்கும். கப்பலின் அடியில் தண்ணீர் கசிந்தாலும் பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது, தேயிலை மட்டும் நனையக் கூடாது. இப்படி வந்த பீங்கானில் பெரும்பகுதி ஜியாங்ஷி மாகாணத்து ஜிங்தேசென் நகரச் சூளைகளில் சுட்டது. அங்கிருந்து ஆற்று வழியாகவும் மலைக் கணவாய் வழியாகவும் காண்டன் துறைமுகத்துக்கு வரும். 1757 முதல் 1842 வரை மேற்கத்திய வணிகர்களுக்கு அந்த ஒரு துறைமுகம்தான் திறந்திருந்தது.

ஆங்கிலேயர் தாங்களே பீங்கான் செய்யத் தொடங்கியது 1740களின் நடுவில், லண்டனின் செல்சியிலும் போவிலும். 1751இல் வூஸ்டர் ஆலை வந்தது. பிறகு லோஸ்டாஃப்ட், காஃப்லி, நியூ ஹால் என்று வரிசையாக வந்தன. 1784இல் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தார்கள். தேநீர் சாதாரண வீடுகளுக்கும் போனது, கெண்டிகளும் பெரிதாயின. 1791இல் கம்பெனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்தியதும் சந்தை ஆங்கில ஆலைகளின் கைக்கு வந்தது.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இரண்டே வழி. கையில் பணம் குறைவென்றால் நியூ ஹால் கெண்டிகள். 1781இல் தொடங்கிய ஆலை, அப்போது நிறையவே செய்தார்கள், இன்றும் கிடைக்கின்றன. சிறு பூங்கொத்துகள் தெளித்த அந்தக் கெண்டிகளைப் போலிசெய்து சம்பாதிக்கப் பெரிதாக எதுவும் இல்லை என்பதால் ஏமாறும் வாய்ப்பும் குறைவு. இன்னொரு வழி, 18ஆம் நூற்றாண்டு நீல-வெள்ளைச் சீன ஏற்றுமதிக் கெண்டியையும் அதே காலத்து வூஸ்டர் கெண்டியையும் அருகருகே வைத்துச் சேர்ப்பது. வூஸ்டர் ஓவியர்கள் சீனத்துக் காட்சிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தால் ஒவ்வொன்றும் மற்றதைப் புரியவைக்கும். நான் போன வழி இதுதான்.

படி 2: மண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லாமே வெள்ளையாக இருந்தாலும் எல்லாம் ஒரே பீங்கான் இல்லை. சீனப் பீங்கான் கடின வகை. கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணையும், பெதுன்ட்சே என்ற கல்லைப் பொடித்த மாவையும் கலந்து, 1300 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுடுவார்கள். கயோலின் என்ற பெயரே ஜிங்தேசென் பக்கத்துக் காவ்லிங் என்ற ஊரிலிருந்து வந்தது. சுட்டதும் உள்மண்ணும் மேலே உள்ள கிளேஸ் என்ற கண்ணாடி போன்ற பூச்சும் ஒன்றாகிவிடும்.

இந்த ரகசியம் பிடிபடாத ஆங்கிலேயர் ஆளுக்கொரு கலவை செய்தார்கள். போவில் எலும்புச் சாம்பல் கலந்தார்கள். வூஸ்டரில் கார்ன்வாலிலிருந்து வந்த மாக்கல், அதாவது நம் ஊரில் கல்சட்டி செய்யும் கல்லின் இனம். இவையெல்லாம் மென்வகை. கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் அந்தக் காலத்து மென்வகைக் கெண்டிகள் பல விரிசல் விட்டன. மாக்கல் கலந்த வூஸ்டர் கெண்டி தாங்கியது. செல்சியின் அழகு இல்லாவிட்டாலும் வூஸ்டர் நிலைத்து நின்றதற்கு அதுவே பெரிய காரணம். வில்லியம் குக்வொர்தி என்ற மருந்து வணிகர் கார்ன்வாலிலேயே கயோலின் இருப்பதைக் கண்டுபிடித்து, 1768இல் காப்புரிமை பெற்று பிளிமத்தில் கடின வகைப் பீங்கான் செய்தார். அந்த நூற்றாண்டின் கடைசியில் ஸ்போட் ஆலை எலும்புச் சாம்பலைப் பாதி அளவுக்குச் சேர்த்த போன் சைனாவை நிலைநிறுத்தியது. இன்றும் ஆங்கிலப் பீங்கான் என்றால் அதுதான்.

இதைக் கையால் கற்க வேண்டும். ஒரு நல்ல கெண்டி வாங்கும் காசில், உடைந்த துண்டுகளும் மூடியில்லாத கெண்டிகளும் நாலைந்து வாங்குங்கள். சில்லு பெயர்ந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கடின வகையின் முறிவு கண்ணாடி உடைந்தது போல வழவழப்பாக இருக்கும். மென்வகையின் முறிவு கற்கண்டு உடைத்தது போலப் பொரபொரப்பாக இருக்கும், அழுக்கையும் உள்ளே உறிஞ்சியிருக்கும். இந்த வித்தியாசம் ஒருமுறை கண்ணில் பதிந்துவிட்டால் பிறகு மறக்காது.

படி 3: கெண்டியைச் சோதிக்கும் வரிசை

அவசரப்படாமல் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் மூடி. தட்டு, கோப்பை சேர்ப்பவர்களுக்கு இல்லாத தொல்லை இது. இருநூறு வருஷத்தில் கெண்டி பிழைத்து மூடி உடைவதும், மூடி பிழைத்துக் கெண்டி உடைவதும் சகஜம். வியாபாரிகள் அனாதை மூடிகளைச் சேர்த்துவைத்து, அளவு பொருந்தும் கெண்டியின் தலையில் வைத்துவிடுவார்கள். ஆகவே மூடியைக் கெண்டியின் தோளோடு சேர்த்துப் பிடித்து, நல்ல பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையின் சாயல் ஒன்றா? நீலத்தின் அடர்த்தி ஒன்றா? தோளில் உள்ள கரை வேலைப்பாடு மூடியிலும் தொடர்கிறதா? பூ இதழ்களை ஒரே கை எழுதியதா? மூடியை வைத்து மெல்லத் திருப்புங்கள், தளர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருந்தால் கவலை வேண்டாம், சூளையில் பொருள் சுருங்கும்போது அப்படி ஆகும். கெண்டியின் வாயைவிட மூடி சின்னதாகி உள்ளே இறங்குகிறது என்றால் அது வந்து சேர்ந்த மூடி.

அப்புறம் உள்பக்கம். டார்ச் அடித்து மூக்கு உடம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். தேயிலையை நிறுத்தும் துளைகள் அங்கே இருக்கும். அவை கையால் குத்தியவை, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. துளைகளைச் சுற்றியும் அடியிலும் தேநீர்க் கறை படிந்திருந்தால் நல்லதே, அந்தக் கெண்டி புழங்கியிருக்கிறது. அடியிலிருந்து நட்சத்திரம் போல விரிசல் கிளம்பியிருந்தால் கொதிநீர் செய்த வேலை. உள்ளே பார்த்தால்தான் அது சரியாகத் தெரியும்.

மூன்றாவது மூக்கு. முதலில் அடிபடுவது இதன் நுனிதான். நுனியைத் தேய்த்துச் சமன் செய்திருந்தால் கிளேஸ் இல்லாத வெள்ளை விளிம்பு தெரியும், நகத்துக்குக் கரகரக்கும். அளவும் காட்டிக்கொடுக்கும். மூக்கின் நுனி கெண்டி வாயின் மட்டத்துக்குக் கீழே இருந்தால், கெண்டி நிரம்பும் முன்பே தேநீர் வழிந்துவிடும். எந்தக் குயவரும் அப்படிச் செய்யமாட்டார். பழைய காலத்தில் உடைந்த மூக்குக்கு வெள்ளியில் நுனி செய்து மாட்டினார்கள். அதைக் குறையாக நினைக்காதீர்கள், அந்தக் கெண்டியை யாரோ நேசித்ததற்கு அது சாட்சி. உலோகத் தையல் போட்டு ஒட்டிய கெண்டிகளும் அப்படியே.

கைப்பிடியின் இரண்டு மூட்டுகளையும் விரலால் சுற்றித் தடவுங்கள். நவீன ஒட்டுவேலைக்கு மேலே பெயின்ட் தெளித்து மறைத்திருப்பார்கள். பீங்கான் கைக்குக் குளிரும், பெயின்ட் குளிராது. குண்டூசி முனையை லேசாக இழுத்தால் கிளேஸில் வழுக்கும், பெயின்டில் மாட்டும். புற ஊதா டார்ச் ஒன்று இருந்தால் இருட்டறையில் அடித்துப் பாருங்கள். ஒட்டுவேலை செய்த இடம் சுற்றியுள்ள கிளேஸிலிருந்து வேறு நிறத்தில் ஒளிரும். இந்த டார்ச்சுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

பிறகு ஓசை. மூடியை எடுத்துவிட்டு, கெண்டியை உள்ளங்கையில் நிறுத்தி, நகத்தால் ஒரு சுண்டு. முழுக் கெண்டி கணீரென்று சொல்லும். விரிசல் விட்டது மடேரென்று அடங்கும். ஆனால் தடித்த ஆங்கில மென்வகை முழுசாக இருந்தாலும் அவ்வளவாக ஒலிக்காது, இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அடுத்தது வெளிச்சம். உள்ளே டார்ச்சை விட்டு வெளியிலிருந்து பாருங்கள். வூஸ்டர் பீங்கானில் பெரும்பாலும் இளம்பச்சைச் சாயல் தெரியும். காஃப்லியில் ஆரஞ்சுச் சாயல். செல்சி ஆலை சிவப்பு நங்கூரத்தை முத்திரையாகப் போட்ட காலத்துப் பொருட்களில் அங்கங்கே நிலா போல வெளிச்சப் புள்ளிகள். முதன்முதலாக என் வூஸ்டர் கெண்டி ஒன்றை இப்படிப் பார்த்தபோது, வாழையிலைக்குப் பின்னால் வெயில் அடிப்பது போல அந்தப் பச்சை எழுந்து வந்தது. எந்தப் புத்தகமும் எனக்கு அதை அப்படிக் காட்டியதில்லை.

கடைசியில் அடிவளையம். சீனக் கெண்டியின் அடிவளையத்தில் கிளேஸ் இருக்காது, வெறும் மண் தெரியும். கிளேஸ் முடியும் இடத்தில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு பல பொருட்களில் இருக்கும். மண்ணில் உள்ள இரும்பு சூளையில் காற்றோடு சேர்ந்து வருவது அது. தேய்மானத்தைக் கவனியுங்கள். உண்மையான பழமையின் கீறல்கள் நாலா பக்கமும் ஓடும், தொட்டால் வளையம் மழமழப்பாக இருக்கும். மணற்காகிதம் போட்டுத் தேய்த்த கீறல்கள் ஒரே திசையில் போகும்.

படி 4: காலம் சொல்லும் அடையாளங்கள்

தங்கத்திலிருந்து எடுக்கும் ரோஜா நிற எனாமல் சீனாவில் 1720களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அந்த ரோஜா நிறம் உள்ள கெண்டியை 1700 என்று ஒருவர் விற்றால் அவர் சொல்வது தவறு. உருண்டை வடிவச் சீனக் கெண்டிகள் பெரும்பாலும் 1730 முதல் 1770 வரை. உருளை வடிவமும், இரண்டு பட்டைகள் பின்னிய கைப்பிடியும் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. ஆங்கிலக் கெண்டிகளில் 1780களின் நடுவிலிருந்து வெள்ளிக் கெண்டியைப் பார்த்துச் செய்த நீள்வட்ட வடிவம் வரும். 1812ஐ ஒட்டி லண்டன் வடிவம் என்று சொல்லும் கட்டம்கட்டிய உருவம் வரும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: நீல-வெள்ளையாக வந்த சீனக் கெண்டிகளின் மேல் ஐரோப்பாவில் சிவப்பும் பச்சையும் தங்கமும் பூசி மறுபடி விற்றார்கள். கீழே இருக்கும் நீல ஓவியத்தை மதிக்காமல் மேலே நிறம் ஓடியிருந்தால் அதுதான்.

படி 5: இப்போது முத்திரையைப் பாருங்கள்

சீன ஏற்றுமதிக் கெண்டிகளில் பெரும்பாலானவற்றில் முத்திரையே கிடையாது. இருந்தாலும் அது காலத்தைச் சொல்லும் என்று நம்ப முடியாது. முந்தைய பேரரசரின் பெயரை மரியாதைக்காக எழுதுவது சீனாவில் பழைய வழக்கம். காங்ஷி காலத்து (1662–1722) பீங்கானில் செங்குவா (1465–1487) பெயர் இருக்கும். குவாங்ஷு காலத்து (1875–1908) பீங்கானில் காங்ஷி பெயர் இருக்கும். என் முதல் கெண்டி இந்த இரண்டாம் வகைதான். ஏலப் பட்டியலில் "காங்ஷி மார்க்" என்று மட்டும் போட்டிருந்தால் எழுத்து மட்டும் காங்ஷி என்று பொருள். "மார்க் அண்ட் பீரியட்" என்று இருந்தால்தான் காலமும் அதுவே என்று ஏலக்கடை பொறுப்பேற்கிறது. இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் விலை பல மடங்கு மாறும்.

வூஸ்டரின் முத்திரை பிறை. ஓவியத்தைக் கையால் தீட்டிய கெண்டியில் வெறும் கோட்டுப் பிறை இருக்கும், ஓவியத்தை அச்சிட்ட கெண்டியில் கோடு நிரப்பிய பிறை இருக்கும். ஆனால் லோஸ்டாஃப்ட்காரர்களும் பிறையைப் போட்டார்கள், காஃப்லியின் சி எழுத்தும் சில சமயம் பிறை போலவே இருக்கும். அப்போது ஓவியம்தான் கைகொடுக்கும். வூஸ்டரும் காஃப்லியும் இரண்டுமே அச்சிட்ட மீனவர் காட்சி ஒன்று உண்டு. படகில் இருப்பவர் கையில் உள்ள மீனைப் பாருங்கள். குட்டையாகக் கொழுத்திருந்தால் காஃப்லி, நீண்டு மெலிந்திருந்தால் வூஸ்டர். இன்னொருவரின் தூண்டில் நூல் விறைப்பாக நேரே இறங்கினால் காஃப்லி, நெளிந்து இறங்கினால் வூஸ்டர். ஐந்து ரூபாய் நாணய அளவுக்குள் அடங்கும் இந்த வித்தியாசம் எந்த முத்திரையையும்விட உறுதியானது.

செல்சியின் தங்க நங்கூரம் பற்றி ஓர் எச்சரிக்கை. 1845இல் பாரிஸில் தொடங்கிய சாம்சன் நிறுவனம் செல்சி, வூஸ்டர், சீன வகை எல்லாவற்றையும் நகலெடுத்து விற்றது. நகல்கள் கடின வகை, செல்சி மென்வகை. பெரிய தங்க நங்கூரமும் கண்ணாடி போன்ற முறிவும் சேர்ந்திருந்தால் அது செல்சி இல்லை. உண்மையான நங்கூரம் மிகச் சின்னது, ஒதுக்குப்புறமாக எழுதியிருக்கும்.

"இங்கிலாந்து", "சைனா" என்று ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்கா அந்த வருஷம் முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது.

படி 6: வாங்குவது

இணைய ஏலத்தில் வாங்குவதென்றால் ஆறு படம் கேளுங்கள்: மூடி தனியாக, உள்பக்கம், மூக்கின் நுனி, கைப்பிடி மூட்டுகள், அடிவளையம், மூடியோடு முழுக் கெண்டி. தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பட்டியலில் "ஏ எஃப்" என்று இருந்தால் ஏதோ பழுது இருக்கிறது, இருக்கும் நிலையிலேயே விற்கிறார்கள் என்று அர்த்தம். ஏலத்தொகைக்கு மேல் ஏலக்கடையின் கட்டணம் 20 முதல் 30 சதவீதம் வரை வரும், கப்பல் செலவும் சுங்கமும் தனி. இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் உச்ச விலையைக் காகிதத்தில் எழுதிவைக்க வேண்டும்.

பழுதான கெண்டிகளை ஒதுக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். 2016இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒருவர் 15 பவுண்டுக்கு நீல-வெள்ளைக் கெண்டி ஒன்றை வாங்கினார். மூடி இல்லை, கைப்பிடி உடைந்து ஒட்டியது. ஸ்டாஃபோர்ட்ஷயரிலிருந்து அமெரிக்காவுக்குப் போன குயவர் ஜான் பார்ட்லம், தென் கரோலினாவின் கெய்ன் ஹாயில் 1760களில் செய்த கெண்டி அது என்று பிறகு தெரிந்தது. 2018இல் சாலிஸ்பரியில் நடந்த ஏலத்தில் 4,60,000 பவுண்டுக்குப் போனது, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. அதை அடையாளம் காட்டியது கெய்ன் ஹாய் மண்ணில் தோண்டியெடுத்த பீங்கான் துண்டுகளோடு செய்த ஒப்பீடு.

நம்மவர்கள் தேட வேண்டிய இன்னொரு வகை, கப்பல் சரக்கு. 1752இல் மூழ்கிய டச்சுக் கப்பல் கெல்டர்மால்சனின் பீங்கான் 1986இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனது, நான்கிங் சரக்கு என்று பெயர். காண்டனிலிருந்து நம் சென்னைக்கு வந்துகொண்டிருந்த டயானா கப்பல் 1817இல் மலாக்கா அருகே மூழ்கியது. அதன் சரக்கும் 1995இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்தது. சென்னை வீடுகளின் மேசைக்கு வர வேண்டிய பீங்கான் அது. காலம் சந்தேகமே இல்லாமல் தெரியும் என்பதே இவ்வகையின் பெரிய பலம். கடல்நீர் கிளேஸை மங்கச் செய்திருக்கும், அந்த மங்கலுக்கு ஏற்ப விலை குறையும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் ஐரோப்பியப் பீங்கான் கண்ணில் படும், பொறுமையாகப் பாருங்கள். சட்டத்தையும் மனதில் வையுங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷம் கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. சீனாவில் 1911க்கு முந்திய பொருளை வெளியே கொண்டுவரத் தடை.

வாங்கும் முன் பார்த்துக் கண்ணைப் பழக்க இடங்கள் உண்டு. நாரிச் கோட்டை அருங்காட்சியகத்தில் ஆங்கிலக் கெண்டிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஹாங்காங்கில் ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ் தேநீர்ப் பாத்திர அருங்காட்சியகம். சிங்கப்பூர் தமிழர்களுக்கு ஆசிய நாகரிக அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையிலும் பீங்கானும் சீனத் தேயிலை ஜாடிகளும் உண்டு.

படி 7: வீட்டுக்கு வந்தபின்

கெண்டியைத் தூக்கும்போது கைப்பிடியைப் பிடிக்காதீர்கள். மூடியை முதலில் எடுத்து வைத்துவிட்டு, உடம்பை இரண்டு கையாலும் ஏந்துங்கள். கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் போதும், பாத்திரத் தொட்டியில் துண்டு விரித்துக்கொள்ளுங்கள். பிளீச் போட்டால் தங்கப்பூச்சும் பழைய ஒட்டுவேலையும் போகும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில மென்வகையின் கிளேஸில் ஈயம் உண்டு, அதில் தேநீர் போட்டுக் குடிக்க வேண்டாம். அனுப்பும்போதும் வீடு மாற்றும்போதும் மூடியைத் தனியே பொதியுங்கள். மூடியோடு சேர்த்துச் சுற்றிய கெண்டி வழியில் தன் தோளைத் தானே உடைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு கெண்டிக்கும் ஒரு பக்கம் என்று நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய நாள், இடம், விலை, உயரம், பழுதுகள், டார்ச்சில் தெரிந்த நிறம். அடியில் பழைய ஏலச் சீட்டோ முந்தைய சேகரிப்பாளரின் லேபிளோ ஒட்டியிருந்தால், எவ்வளவு அழுக்காக இருந்தாலும் உரிக்காதீர்கள். என் வூஸ்டர் கெண்டியின் அடியில் பழுப்பேறிய சின்ன வட்டச் சீட்டு ஒன்று இருக்கிறது. மசியில் 47 என்ற எண் மட்டும் எழுதியிருக்கிறது. யாருடைய அலமாரியின் நாற்பத்தேழாவது கெண்டி அது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.